ஆடியில் பதிந்த கல்யாணம்

ராஜதுரை யாரையும் எளிதில் நம்புகிற ஆள் இல்லை. தெற்கு ரத வீதியில் இருக்கும் அவருடைய பாத்திரக்கடையில், பணம் வந்தால் வாய்விட்டுச் சொல்லும் பெட்டி ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது சொன்னாலும் அவருக்குப் போதாது. செல்போனைத் திறந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தன் கண்ணால் பார்த்த பிறகுதான் குடத்தைக் கைமாற்றுவார். கேட்டால், "பெட்டிய யாரு வேணும்னாலும் பேச வச்சிருவான் வே" என்பார். குடத்துக்கே இந்தப் பாடு என்றால், ஒரே மகளுக்கு வந்த மாப்பிள்ளையைச் சும்மா விட்டுவிடுவாரா?

மகள் ப்ரியதர்ஷினி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் நர்ஸ். போய்ச் சில வருடங்களுக்குள் அங்கேயே நிரந்தரமாக இருந்துகொள்ளும் உரிமையும் வாங்கிவிட்டாள். இனி அவள் சங்கரன்கோவிலுக்கு லீவில்தான் வருவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை, அவ்வளவுதான். அவளைக் கட்டுகிறவன் அங்கே போயாக வேண்டும். ராஜதுரையின் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். வருகிறவன் பெண்ணுக்காக வருகிறானா, விசாவுக்காக வருகிறானா என்று எதைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

வந்தவன் பெயர் லிங்கேஷ். வாசுதேவநல்லூர்க்காரன், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்தியது. அவனும் ப்ரியாவும் வீடியோவில் ஒன்றிரண்டு மாதம் பேசி, ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். நகையைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் வாயே திறக்கவில்லை. பையன் பெண் இருக்கும் தேசத்துக்குப் போவதற்கும் சரி என்றார்கள், கல்யாணம் பெண் வீட்டு ஊரில் என்றதற்கும் சரி என்றார்கள். எதைச் சொன்னாலும் சரி என்கிறவர்களைக் கண்டால் ராஜதுரைக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதற்கு மேல், பையனிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது.

"ஏட்டி, பொண்ணு பாக்க வருததுக்கு முந்தியே பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கான். எதுக்கு எடுத்தான்?" என்று மனைவி ஆவுடையம்மாளிடம் கேட்டார்.

"மில்லுல வெளிநாட்டு டிரெய்னிங்குக்கு அனுப்புதோம்னு சொன்னாவளாம். அதுக்குன்னு எடுத்தானாம். அவன்தான் சொன்னாம்லா."

"அவன் சொன்னா ஆச்சா?"

ஒரு நாள் கடையை ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வாசுதேவநல்லூருக்கே பஸ் ஏறினார். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெளியூர் வியாபாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார். டீக்கடையில் விசாரித்தார், சலூனில் விசாரித்தார், உரக்கடையிலும் விசாரித்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான்: தங்கமான பையன், குடிப்பழக்கம் கிடையாது, அப்பா அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். வேறு யாராக இருந்தாலும் குளிர்ந்துபோய்த் திரும்பியிருப்பார்கள். ராஜதுரை போன சந்தேகத்தோடு புதுச் சந்தேகம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு வந்தார். "ஊரே சொல்லிக் குடுத்த மாதிரி பேசுதுட்டி" என்றார்.

"நல்லவன்னு சொன்னாலும் குத்தமா?" என்று கேட்டுவிட்டு ஆவுடையம்மாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

விசாவுக்கு வழி கண்டுபிடித்துச் சொன்னவர் மைதீன் பாட்சா. ராஜதுரையோடு ஒரே பெஞ்சில் படித்தவர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிராவல்ஸ் வைத்திருப்பவர். லிங்கேஷின் படிப்பையும் வேலையையும் வைத்துக்கொண்டு தனியாக விண்ணப்பித்தால் ஒன்றும் நடக்காது என்று அவர் பார்த்துச் சொல்லிவிட்டார். இனிமேல் போய்ப் படிப்பதென்றால் கடை கண்ணியை விற்க வேண்டும்.

"இருக்கது ஒரே வழிதான் வே. ப்ரியாவோட புருசன்னு சொல்லித்தான் போகணும். அதுக்குக் கல்யாணத்தச் சட்டப்படி பதிஞ்சிருக்கணும். அவ இந்தத் தடவ லீவுல வரும்போதே பதிஞ்சு போட்டுட்டா, வார வருசமாவது கெடைக்கும்."

"அவளுக்கு லீவு ஆடியிலலா கெடச்சிருக்கு. ஆடியில யாரு வே கல்யாணம் வைப்பா?"

"அப்பம் என்ன செய்யப் போறீரு?"

ராஜதுரை யோசித்தார். மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டி, மேளதாளத்தோடு செய்யப்போகிற கல்யாணத்துக்குத் தையில் நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் இது கல்யாணம் இல்லையே. ஆபீசில் போய்க் கையெழுத்துப் போடுவதற்கு ஆடி என்ன, மார்கழி என்ன? "பதிஞ்சிருவோம் வே. அது வெறும் காயிதம்தான" என்றார்.

அதோடு வீட்டில் ஒரு கட்டளையும் போட்டார். பதிந்தாலும் பதியாவிட்டாலும், தாலி கழுத்தில் ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் தனியாக எங்கேயும் போகக் கூடாது. இது ஊர் வழக்கம் என்றார். ஊர் வழக்கம்தான், பொய் இல்லை. ஆனால் அவருக்கு உள்ளே இன்னொரு கணக்கும் இருந்தது. நாளைக்கு இந்தப் பயல் ஏமாற்றுக்காரன் என்று தெரியவந்தால் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம், மகளுக்கு ஒரு குறையும் வந்திருக்காது என்று நம்பினார்.

பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ராஜதுரை அடிக்கடி போய், யாராவது ஆட்சேபம் சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்தார். ஒருவரும் சொல்லவில்லை என்பதுகூட அவருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கெடு முடிந்து ஆடிக் கடைசியில் கையெழுத்தானது. மாலை மாற்றி நிற்கிற போட்டோவில் ப்ரியா இந்தப் பக்கம், லிங்கேஷ் அந்தப் பக்கம், நட்டநடுவில் ராஜதுரை. பாட்சா அந்தப் படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீரு எதுக்கு வே நடுவுல நிக்கீரு? கல்யாணம் உமக்கா?"

அன்றைக்குச் சாயங்காலம் லிங்கேஷ் தயங்கித் தயங்கி, "மாமா, ப்ரியாவ ராஜபாளையம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு, சாப்பிட்டுட்டு வந்திரட்டுமா?" என்று கேட்டான். "தையிக்கு அப்புறம் எங்க வேணும்னாலும் போங்க தம்பி" என்றார் ராஜதுரை. மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயில் இன்னும் வரவில்லை. லிங்கேஷ் சிரித்துக்கொண்டே சரி என்றான். இதற்கும் சரியா என்று ராஜதுரை அவனை முறைத்துப் பார்த்தார். ப்ரியா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசாமலேயே விமானம் ஏறிப் போனாள். மகள் போன துக்கத்தைவிட, அவள் பேசாமல் போன துக்கம் அவரை அதிகமாக அறுத்தது.

ஐப்பசி முகூர்த்தங்களுக்காகச் சீர் பாத்திரம் வாங்க வந்த கூட்டம் கடையில் நெருக்கியடித்த ஒரு காலையில் அந்தப் போன் வந்தது. நீளமான நம்பர். எடுத்ததும் ஒரு பெண் குரல், இலங்கைத் தமிழில் பேசியது.

"வணக்கம் ஐயா. நான் மொழிபெயர்ப்பாளர். விசா அதிகாரியும் லைனில இருக்கிறா. உங்கட மருமகனின்ட விண்ணப்பம் பற்றிக் கொஞ்சம் கதைக்கலாமோ?"

"ஓடிபி எல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார் ராஜதுரை.

"ஓடிபி வேண்டாம் ஐயா."

"எங்க வீட்டுக்காரி பேரச் சொல்லு, பாப்போம்."

அந்தப் பெண் பொறுமையாக ஆவுடையம்மாள் பெயரைச் சொன்னாள், ப்ரியா பிறந்த தேதியைச் சொன்னாள், பதிவு நடந்த தேதியையும் சொன்னாள். ஏமாற்றுப் போன் இல்லை என்று மனம் ஒப்பியதும், கல்லாவை விட்டு இறங்கிப் பின்பக்கம் அடுக்கி வைத்த அண்டாக்களுக்கு நடுவில் போய் நின்றுகொண்டார்.

"உங்கட மகளும் மருமகனும் திருமணத்துக்குப் பிறகு எவ்வளவு காலம் ஒன்றாக இருந்தவை?"

ராஜதுரைக்குச் சுருக்கென்றது. எவனோ எதையோ எழுதிப் போட்டிருக்கிறான். மகளைப் பற்றி என்னமோ கேள்விப்பட்டுத்தான் இப்படித் தூண்டில் போடுகிறார்கள். "என்னம்மா கேக்கிய? எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல. ஒரு நாள் கூட ஒண்ணா இருந்தது கெடையாது."

அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுப்பு. "தனியாக எங்கேயாவது வெளியில போய் வந்தவையோ?"

"ஒரு தடவ கேட்டான். நான்தான் விடல."

"ஏன் ஐயா விடேல்லை?"

"தாலி கட்டலலா! தாலி கட்டாம எப்பிடிம்மா அனுப்ப முடியும்?"

"அப்போ ஆகஸ்டில பதிவு செய்த திருமணம்?"

"அது சும்மா விசாவுக்காகப் பதிஞ்சதும்மா. கல்யாணம் தையிலதான்."

அந்தப் பக்கம் பேச்சு நின்று, யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்று அந்தப் பெண் கேட்டாள். "எங்க குடும்பத்தப் பத்திச் சங்கரன்கோவில்ல யாருட்ட வேணும்னாலும் விசாரிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமிதம் அவருக்கு. மதியம் சாப்பிடும்போது ஆவுடையம்மாளிடம் ஒன்று விடாமல் சொன்னார். அவளும், "நல்லாக் கேட்டாளுவ, கேள்வி" என்று சேர்ந்துகொண்டாள்.

சாயங்காலம் பாட்சாவிடமும் அதே பெருமையோடு சொன்னார். பாட்சா குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"வே, அவிய உம்ம பொண்ணு நல்லவளா கெட்டவளான்னு கேக்கல. ரெண்டு பேரும் நெசமாவே புருசன் பொண்டாட்டிதானான்னு கேட்டிருக்காவ. நீரு இல்லைன்னு சொல்லி வச்சிருக்கீரு."

"நான் உள்ளதத்தான வே சொன்னேன்."

"உள்ளதச் சொல்லுத லெச்சணமா இது? விசாவுக்காகப் பதிஞ்சதுன்னு பொண்ணப் பெத்தவனே சொன்னா, அவன் என்ன நெனைப்பான்?"

வீட்டுக்கு நடந்துவருகிற வழியெல்லாம் ராஜதுரைக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் மெல்லத் தலையைத் தூக்கியது. விசா இல்லை என்றால் அந்தப் பயலின் சாயம் வெளுத்துவிடும். வேறு வழி இல்லாமல் மகளும் ஊரோடு வந்து சேர்ந்துவிடுவாள். நினைத்த மாத்திரத்தில் ஒரு நிம்மதி வந்தது. இதை அவர் ஆவுடையம்மாளிடம்கூடச் சொல்லவில்லை.

கார்த்திகையில் ப்ரியாவுக்கு விசா அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. இந்தத் திருமணம் விசாவுக்காக மட்டும் பதியப்பட்டது என்று பெண்ணின் தகப்பனாரே கூறியிருக்கிறார், இதற்கு உங்கள் பதில் என்ன என்று கேட்டிருந்தார்கள். ப்ரியா அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். அப்பாவிடம் கொடு என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிங்கேஷ் கடைக்கு வந்தான். ராஜதுரை இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். விசாவுக்காக வந்தவன் என்றால், இன்றைக்கு ஜாதகத்திலிருந்து ஜலதோஷம் வரை ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லிக் கழன்றுகொள்வான்.

"இனி விசா கெடைக்குமான்னு தெரியல தம்பி" என்று அவரே ஆழம் பார்த்தார். "தையில வச்சிருக்கதத் தள்ளிப் போடலாம்னாலும் எனக்குச் சம்மதம்தான்."

"தள்ளிப் போடாண்டாம் மாமா. விசா வந்தாலும் வராட்டாலும் குறிச்ச நாள்ல தாலி கட்டிருதேன்." அவன் குரல் இறங்கியது. "நான் அதுக்கு வரல. ப்ரியா வேலைய விட்டுட்டு இங்கயே வந்திருதேங்கா. வரக் கூடாதுன்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கா. எத்தன கஷ்டப்பட்டு அங்க போய் நின்னவ மாமா. எனக்காக விட்டுட்டு வந்தான்னா, காலத்துக்கும் எனக்கு அது உறுத்தும். வருசத்துக்கு ஒரு தடவ வந்தாலும் போதும், நான் இருந்துக்கிடுதேன். நீங்க ஒரு வார்த்த அவகிட்ட சொல்லுங்க."

ராஜதுரை அவனுடைய முகத்தில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் தேடினார். ஒன்றும் இல்லை. இரண்டு ராத்திரி தூங்காத பையனின் முகம், அவ்வளவுதான். இவனைப் போய் என்னென்னவோ நினைத்தோமே என்று இருந்தது அவருக்கு. "சாப்பிட்டுட்டுப் போங்க மாப்பிள்ள" என்றார்.

மாப்பிள்ளை சாப்பிட்டுக் கிளம்பியதும் மகளைக் கூப்பிட்டார். வேலையை விட்டுவிடாதே என்று சொன்னார். அவள் வந்துவிட வேண்டும் என்று ஏங்கியவரே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"சரிப்பா, விடல" என்றாள் ப்ரியா. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. நான் திரும்பி வந்திரணும்னு வேணும்னே அப்பிடிச் சொன்னியளா?"

"ஐயோ, இல்லம்மா! சத்தியமா இல்ல. அந்தப் பொம்பள கேட்டது உன்னத் தப்பாக் கேட்ட மாதிரி இருந்துச்சும்மா. கோவத்துல சொல்லிட்டேன்."

உண்மைதான். வந்துவிடுவாள் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதானே வந்தது? பாட்சா கடையிலிருந்து நடந்து வரும்போதுதானே வந்தது? அதற்கு முன்னால் மனதில் ஒரு மூலையில்கூட இருந்ததில்லை என்று அடித்துச் சொல்ல இப்போது அவரால் முடியவில்லை.

"சரிப்பா" என்றாள் ப்ரியா.

அந்தச் சரியை அவருக்கு நன்றாகத் தெரியும். புதுக் குடத்தை நசுக்கிக் கொண்டுவந்து, நாங்க கீழ போடவே இல்ல அண்ணாச்சி என்று சொல்கிறவர்களிடம் அவர் சொல்கிற சரி அது.

"பதில் எழுதணும்லாம்மா. நானே எழுதித் தாரேன். எங்க வழக்கம் இப்பிடி, நாந்தான் ரெண்டு பேரையும் ஒண்ணா விடலன்னு நடந்தத நடந்த மாதிரியே எழுதுதேன். கையெழுத்துப் போட்டு இன்னைக்கே அனுப்புதேன்" என்று அவசர அவசரமாகச் சொன்னார்.

"வேண்டாம்ப்பா. அவிய வீட்டுல எழுதித் தந்துட்டாவ. நம்ம வீட்டுல அம்மா எழுதித் தரட்டும். மறுபடியும் அந்த ஆபீஸ்ல இருந்து போன் வந்தா நீங்க எடுக்க வேண்டாம். அம்மாட்ட குடுத்துருங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இப்பமும் அம்மாட்ட குடுங்கப்பா. என்ன எழுதணும்னு சொல்லணும்."

ராஜதுரை போனை நீட்டினார். ஆவுடையம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.