பேச்சற்ற பெஞ்ச்

எவாரிஸ்தோ மொந்தியேல் வீசும் பந்துக்கு அவசரமே கிடையாது. பேஸ்பாலில் மற்ற வீச்சாளர்கள் விரல் நுனியால் சுண்டி, பந்தைச் சுழலவிடுவார்கள். அவன் இரண்டு விரல் நகங்களைப் பந்தின் தோலில் ஊன்றி, முன்னால் தள்ளிவிடுவான், அவ்வளவுதான். சுழலாத பந்துக்குத் தன் வழி தனக்கே தெரியாது. அதன் தையல் ஒரு பக்கம் காற்றைப் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். பந்து லேசாகத் திரும்பியதும் பிடிப்பும் பக்கம் மாறும். அடிப்பவனைச் சேரும் அறுபது அடி தூரத்துக்குள் அது அரைச் சுற்று சுற்றலாம். இரண்டு சுற்றாகிவிட்டால் அது வெறும் மெதுவான பந்து, யாரும் அடிக்கலாம். ரிவாஸ் ஊரில் அதைப் பட்டாம்பூச்சி என்பார்கள்.

அதை வீசுவதற்குக் கை தளர்ந்திருக்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கை தளரவில்லை. வயது முப்பத்தொன்பது, ஆட வந்து பதினேழு வருடம். புளூஃபீல்ட்ஸ் ஊரிலிருந்து ஒரு புது வீச்சாளன் வருகிறான். அவன் வீசினால் பந்து கண்ணுக்கே தெரியாதாம். அவனுக்கு இடம் கொடுக்கப் பழைய வீச்சாளர்களில் ஒருவர் போயாக வேண்டும். மேலாளர் தோன் ஹெர்மினியோ காலையிலேயே சொல்லிவிட்டார்.

"இன்னைக்கு நீ போடறதப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன், எவாரிஸ்தோ. மனசுல வச்சுக்காத."

ஆட்டம் மதியம் தொடங்கியது. ஏரிக்காற்று அவன் முகத்தில் நேராக வீசியது. எதிர்க்காற்றில் பந்து இன்னும் அதிகமாகத் தடுமாறும், அவனுக்கு நல்லதுதான். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்து தரையில் உருண்டுபோய், மூன்றாம் தளத்தில் நின்ற தன் அணி மெல்கியாதெஸின் கையுறையில் பட்டுத் தெறித்தது. அடித்தவன் முதல் தளத்துக்கு ஓடிச் சேர்ந்தான். 'சரி, ஒரு ஹிட் போச்சு' என்று எவாரிஸ்தோ கணக்கு வைத்துக்கொண்டான். அடித்தவன் தன் அடியாலேயே தளம் சேர்ந்தால்தான் ஹிட். மேலே கூண்டில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர் அதை ஹிட் என்று எழுதவில்லை, பிடிக்க வேண்டிய பந்தை விட்ட மெல்கியாதெஸின் தவறு என்று எழுதியிருந்தார். மைதானத்துப் பலகையில் ரன் மட்டும்தான் மாட்டுவார்கள். அதனால், கூண்டிலிருந்து பெஞ்சுக்குச் சேதி வந்தும், வீசிக்கொண்டிருந்த அவனுக்கு அது தெரியவில்லை.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து வந்து உட்கார்ந்தபோது, பெஞ்சில் அவனைச் சுற்றி இடம் காலியாகியிருந்தது.

"தண்ணி இருக்காடா, லெயோனிதாஸ்?"

அவன் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர் லெயோனிதாஸ் தூக்கத்தில்கூடப் பேசுகிறவன். பாட்டிலை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் நகர்ந்துபோனான்.

ஒரு வீச்சாளர் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தால் சக ஆட்டக்காரர்கள் அவரிடம் பேசமாட்டார்கள். பேசினால் கலைந்துவிடும் என்று நம்பிக்கை. எவாரிஸ்தோவே மற்றவர்களுக்காக அப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஆனால் தான் ஒரு ஹிட் கொடுத்தாகிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தான்! அப்படியானால் இந்த மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான். அவன் பெயரை அணியிலிருந்து அடித்துவிட்டார்கள். கண்ணைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை.

பாட்டிலைத் திறந்து ஒரே மூச்சில் குடித்து முடித்தான். பிறகு, இனி இழக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், தோளிலிருந்து விரல் வரை எல்லாம் மெல்ல இளகியது.

அதன்பின் நேரம் தண்ணீருக்கடியில் நகர்வதுபோல் நகர்ந்தது. லெயோனிதாஸின் தலைக்கு மேலே, கூரைக்கு அப்பால், ஏரி நடுவே ஓமெத்தேப்பே தீவின் இரண்டு மலைகளும் தரையைத் தொடாமல் நின்றன. அவன் பந்தை அந்தப் பக்கமாக விட்டான். அது போய்க்கொண்டே, யோசித்துக்கொண்டே, கடைசியில் ஒரு பக்கமாகச் சரிந்தது. மட்டைகள் காற்றைக் கிழித்தன. கூட்டத்தின் சத்தம் எங்கோ வேறு ஊரில் பெய்யும் மழைபோல் கேட்டது. ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொரு பந்திடமும் மனதுக்குள் விடை சொல்லி அனுப்பினான்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட், மூன்றாமவனும் போனால் ஆட்டம் முடிந்தது. இவன் அணி இரண்டு ரன் முன்னால். எதிரணிப் பயிற்சியாளன் தியோஃபிலோ மூன்றாம் தளத்தருகே நின்று வாயில் கை குவித்தான்.

"டேய் கிழவா! இன்னும் ஒரு ஹிட்டுகூடக் குடுக்கலையாமேடா! தெரியுமா உனக்கு? ஒண்ணுகூட இல்லையாம்!"

பெஞ்ச் மொத்தமும் எழுந்து திட்டியது. வாழையிலையில் மரவள்ளிக்கிழங்கும் பன்றித்தோல் வறுவலும் விற்கிற செல்மிரா கம்பிவலையைப் பிடித்து உலுக்கினாள். "உன் நாக்கு அழுகிப் போக, தியோஃபிலோ!"

எவாரிஸ்தோ பெஞ்சைப் பார்த்தான். அந்த முகங்களில் இருந்தது பயம். மதியம் முழுக்க யாரும் அவனைக் கைவிடவில்லை. அவனுக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சந்தோஷம் குபீரென்று பொங்கி, விரல்கள் பந்தை இறுகப் பற்றின. இறுகிய கையோடே வீசினான். பந்து போகும்போதே சிவப்புத் தையல் சுற்றுவது தெரிந்தது. ஒன்று. இரண்டு.

மட்டை நன்றாகவே பட்டது. பந்து யாருக்கும் எட்டாத புல்லில் போய் விழுந்தது.

அடித்தவன் முதல் தளத்தில் போய் நின்றான். பிறகு லெயோனிதாஸ் முகமூடியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"செத்தேன்டா! ரெண்டு மணி நேரமா வாயக் கட்டிக்கிட்டு! உன் மீசையில சோள மாவு ஒட்டியிருக்கு, நாலாவது இன்னிங்ஸ்லேர்ந்து சொல்லத் துடிக்கிறேன்!"

"அண்ணே, ரெண்டாவதுல விட்டது நான்தான், என் பேர்லதான் எழுதியிருக்காங்க," என்றான் மெல்கியாதெஸ்.

தோன் ஹெர்மினியோ நிதானமாக நடந்து வந்தார். மேலாளர் கையை நீட்டினால் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். எவாரிஸ்தோ அந்தக் கையையே பார்த்தான். அது அவருடைய கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

"என்ன பாக்கற? இன்னும் ஒருத்தன் பாக்கி. அடுத்த ஆட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை காலையில அஞ்சு மணிக்கு பஸ்."

"எனக்கா?"

"பின்ன உன் மீசைக்கா?"

எல்லோரும் பேசிக்கொண்டே தங்கள் இடங்களுக்குப் போனார்கள். லெயோனிதாஸ் குந்தி உட்கார்ந்த பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அடுத்த பந்தை வீச, எவாரிஸ்தோ தன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.