சுவரில் ஐந்தாவது ஆள்

ஊரில் அதைப் பெரிய வீடு என்பார்கள். நாற்பது தேக்குத் தூண், கூரைவரை ஓவியம். டீச்சர் பிறந்ததைச் சின்ன வீடு என்பார்கள். அளவைப் பார்த்து வைத்த பெயரல்ல அது.

ஐந்து வயதில் ஒருமுறை, பெரியம்மா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, பெரிய வீட்டு வியாபாரியான அப்பா அவளை இந்தக் கூடத்துக்குக் கூட்டிவந்து ஓவியர் முன்னால் நிறுத்தினார். ஓவியர் வேலையை முடித்துக் கிளம்பிய அதே வாரம் அவள் படத்தின் மேல் சுண்ணாம்பு ஏறிவிட்டது. இப்போது வீட்டைப் பார்வைக்குத் திறக்கப் போகிறார்கள். சுவரைச் சுத்தம் செய்ய வந்த பெண் சுரண்டச் சுரண்ட, வியாபாரி, மனைவி, இரண்டு மகன்களோடு ஐந்தாவதாக ஒரு சிறுமியும் வெளியே வந்தாள். வியாபாரியின் விரலைப் பிடித்திருந்தாள். யாரோ டீச்சரைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"மூக்கே சொல்லுதே டீச்சர்," என்றாள் அந்தப் பெண்.

"அதை மட்டும் எங்கப்பா எல்லாருக்கும் சமமா பிரிச்சுக் கொடுத்துட்டாரும்மா."

மூத்த மகன் கைத்தடியோடு வந்தார். அறுபது வருஷமாக ஆஸ்பத்திரி வரிசையில்கூட அவளைப் பார்க்காதவர்.

"படத்துக்குக் கீழ வைக்கிற பலகைல வேலைக்காரி பொண்ணுன்னு போட்டுடு."

"வேலைக்காரி பொண்ணு முதலாளி விரலைப் பிடிச்சுக்கிட்டா நிக்கும்?" என்றாள் அந்தப் பெண். "'மகள்'னு ஒரு வார்த்தை சார். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டீச்சர் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அவர் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "பேரப்பிள்ளைங்க வந்து யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அம்மா போயிட்டாங்க, மானம் போகலையே. நீ படிச்சவ. புரிஞ்சுக்கோ தங்கச்சி."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "அப்போ தங்கச்சின்னு ஒத்துக்கிறீங்க."

"அட, நீ ஒண்ணு. பேச்சுக்குச் சொல்றதுதானே? கடையில எடை போடுறவளைக்கூடத் தங்கச்சின்னுதான் கூப்பிடுறோம்."

டீச்சரால் அதை மறுக்க முடியவில்லை. காலையில் கண்டக்டரிடம், "அண்ணே, இங்க நிறுத்துங்க" என்று சொல்லித்தான் அவளும் இறங்கினாள். ஊரில் எல்லாரையும் அண்ணன் என்றிருக்கிறாள், இவர் ஒருத்தரைத் தவிர.

"அந்தப் பொண்ணு நான்தான்னு நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க டீச்சர். மீதிக்கு நான் சண்டை போடுறேன்."

டீச்சர் சிறுமியின் கையைப் பார்த்தாள். விரலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது.

"சண்டை போட்டு வாங்குறதுக்கு இது என்ன பட்டாவா? யாருன்னு தெரியலன்னு போட்டுடும்மா."

அவர் முகம் தெளிந்தது. "இருந்து டீ சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர்," என்றார். 'நீ' போய் 'நீங்க' வந்திருந்தது.

"இல்லங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று அவள் செருப்பைத் தேடினாள்.