இருபத்தேழாவது வழுக்கை

“சிலாவைச் சேர்த்துக்கங்க அத்தை.”

“சிலாவுக்கு முடி இருக்குடி.”

“எங்கே இருக்கு? நெத்தியில ஆரம்பிச்சா உச்சி வரைக்கும் ஒரே மைதானம். பின்னாடி நாலு முடி கிடக்கு, அதையும் போய்—”

“நாலு இருந்தாலும் முடி முடிதான். காத்தை ஏமாத்தப் பாக்கிறியா? அதுக்கு என்ன கண்ணா இல்லை—”

“கண்ணு இருந்தா இத்தனை நாளா மேக்கே இருந்தே அடிக்குமா?”

“வாயை மூடு! அது காதுல விழப்போகுது.”

என் அம்மா மலான்யாவும் என் அண்ணி உஸ்தீன்யாவும் இப்படி ஒருத்தி பேச்சை ஒருத்தி மிதித்துக்கொண்டு சண்டை போட்டது என் புருஷன் தலையைப் பற்றி. நான் நடுவில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன், ஒரு கையில் கத்தி, மறு கையில் விறகுச் சிராய். சிலாவின் தலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.

“நீதான் சொல்லேன் மாவ்ரா,” என்று அண்ணி கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

“அவருக்கு நெத்தி கொஞ்சம் அகலம். அவ்வளவுதான்.”

அண்ணி என்னையே பார்த்தாள். என் புருஷன் அந்த நேரம் எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே கட்டிய படுக்கை மேடையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் புருஷன் கடலில் இருந்தான்.

“சரி, வழுக்கைதான்,” என்றேன்.

“சிலா,” என்று அண்ணி உடனே பெயர் சொன்னாள்.

“இருக்கான்,” என்று நான் பதில் சொல்லிச் சிராயில் ஒரு வெட்டு வெட்டினேன். அப்படித்தான் அன்று என் புருஷனை என் கையாலேயே வழுக்கையாக்கினேன். சாகும்வரை அவனுக்கு அது தெரியாது.

கடலுக்குப் போனவன் வரத் தாமதமானால் எங்கள் வெள்ளைக் கடல் கரையில் பெண்கள் செய்கிற காரியம் இது. ஊரில் உள்ள வழுக்கைத் தலைகளை எண்ண வேண்டும். மூன்று ஒன்பது, இருபத்தேழு தலைகள். ஒருத்தி பெயர் சொல்ல, இன்னொருத்தி “இருக்கான்” என்று சொல்ல வேண்டும்; அப்புறம்தான் வெட்டு. பெரியவர், சின்னவர், எல்லோருக்கும் “இருக்கான்”தான். காற்றுக்கு முன்னால் மரியாதை கிடையாது. எண்ணி முடித்த சிராயைத் தண்ணீரோரம் கொண்டுபோய், கடலுக்கு முதுகு காட்டி நின்று, தலைக்கு மேலாகப் பின்னால் எறிய வேண்டும். கொண்டல் காற்று கிழக்கிலிருந்து புறப்பட்டு வரும். கொண்டல் வந்தால் பாய்மரம் வரும்.

எங்கள் அண்ணன் லுக்யானின் பாய்மரம் மட்டும்தான் வரவில்லை. வடக்கே மூர்மன் கரைக்கு மீன் பிடிக்கப் போனவர்கள் எல்லோரும் இலையுதிர்கால மாதா திருவிழாவுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள். லுக்யான் மட்டும் வேற்றூர் ஆட்கள் மூவரைக் கூட்டிக்கொண்டு நார்வேக்காரர்களிடம் ரை மாவு கொடுத்து மீன் வாங்கிவரப் போனான். கடைசியாக வந்த படகுக்காரர்கள் அவன் படகை, எங்கள் கடலுக்குள் மேற்கே திரும்புகிற புனித முனைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கக் கண்டதாகச் சொன்னார்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்ததாம். காற்று மாறட்டும் என்று காத்திருந்தானாம். அதன் பிறகு பேச்சு மூச்சில்லை. கரையோரத் தண்ணீர் காலையில் கஞ்சியாடை கட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கடல் உறைந்து வழி அடைபடும்.

“அடுத்து யாரு?” என்றாள் அம்மா.

“பாதிரியார்.”

“இருக்கான்.”

பாதிரியார் ஞாயிறுதோறும் இந்த வழக்கத்தைத் திட்டுவார். பிசாசு வேலை, சிலுவை போட்டவர்கள் செய்யலாமா என்பார். ஆனால் எந்த வீட்டுப் படகாவது தாமதமான வருஷம் அவர் தொப்பி இல்லாமல் தெருவில் இரண்டு தடவை நடந்துபோவார். தலைக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பார்.

தெமீத், கரிதோன், மணி அடிக்கிற ஃபோமா, ஃபோமாவின் தம்பி, தார் காய்ச்சுகிறவன் என்று போய்க்கொண்டே இருந்தது. இருபத்தைந்தோடு நின்றது. அந்த வருஷம் வழுக்கைகளுக்கு நேரம் சரியில்லை. வசந்தத்தில் ஒன்று, அறுப்பில் ஒன்று என இரண்டு நல்ல வழுக்கைகள் போய்ச் சேர்ந்திருந்தன.

“பக்கத்து ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்களே,” என்றேன்.

“நம்ம கோயில் மணி கேக்கிற தலைதான் கணக்கு,” என்றாள் அம்மா.

“பகோம் தாத்தா?” என்றாள் அண்ணி.

பகோம் காது மூடும் கலைமான்தோல் தொப்பியைக் கோடையிலும் கழற்றாதவர். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூவரும் கிளம்பிப் போனோம், உப்பு கேட்கிற சாக்கில்.

“உப்பு கேக்க மூணு பேரா?” என்றார் பகோம். “எவ்வளவு உப்பு வேணும், கடலையே ஊறுகாய் போடப்போறீங்களா?”

“தொப்பியைக் கழட்டுங்க தாத்தா,” என்று அம்மா நேராகவே கேட்டுவிட்டாள்.

“எதுக்கு?”

“லுக்யான் இன்னும் வரலை.”

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து, சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, தொப்பியைக் கழற்றினார். வெள்ளை வெளேரென்று ஒரு கற்றை முடி, கல்யாணப் பையனுக்கு இருப்பதுபோல அடர்த்தியாக, காதுவரை விழுந்தது.

“அட பாவி மனுஷா,” என்றாள் அம்மா, “இவ்வளவு முடியை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷம் மூடி வெச்சே?”

“மூணு பொண்டாட்டி கட்டினவன்டி நான். காட்டினா நாலாவது வந்துடுவா.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “வேணும்னா சிரைச்சுக்கிறேன். இப்பவே. கத்தி இருக்கு.”

“சிரைச்ச தலை செல்லாது தாத்தா. அது தானா உதிரணும்.”

“அப்படியா?” என்று அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “என்னால ஒரு உதவியும் இல்லாமப் போச்சே.” கேட்காமலே ஒரு பொட்டலம் உப்பு கொடுத்தனுப்பினார்.

திரும்பும் வழியில் கோயில் வாசல் பிச்சைக்காரன் ஒருவன் குல்லா இல்லாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டு அண்ணி ஓடியே போனாள். படையில் இருந்தபோது மூர்மன் பக்கத்திலோ எங்கேயோ உறைபனியில் தலைத்தோலே உரிந்துபோனவன். முடி தானாகத்தான் போயிற்று. கோடையிலிருந்து எங்கள் கோயில் மணியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா ரொம்ப நேரம் யோசித்து ஒப்புக்கொண்டாள். இருபத்தாறு.

இருட்டு கட்ட ஆரம்பித்தது. அண்ணி பார்லிக் கஞ்சிப் பானையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். காற்றைக் கூப்பிடுகிறவர்கள் அதற்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். தண்ணீரோரம் போய் நின்றோம். நேர்த்திக்கடனுக்கு நட்ட பழைய மரச்சிலுவை ஒன்று அங்கே நின்றது. வீட்டுக் கூரைமேல் லுக்யான் கட்டிவிட்டுப்போன காற்றுகாட்டி கிறீச்சிட்டது. வாலைக் கிழக்கே நீட்டிக்கொண்டு திரும்பாமல் நின்றது. கச்சான்தான்.

“ஒண்ணு குறையுதே,” என்றேன். “வீட்டுக்குப் போயி நாளைக்கு—”

“குறையலை,” என்றாள் அண்ணி. “ஒருத்தர் இருக்கார்.”

அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. “சொல்லாதே,” என்றாள்.

“அவரை விட நல்ல வழுக்கை இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? இருபத்தஞ்சு வயசுலயே—”

“சொல்லாதேன்னேன்.”

“போன வருஷம் எண்ணினப்போ முதல் பேரே அவர்தானே?”

“போன வருஷம் அவன் வீட்டுல உக்காந்து பொரிச்ச மீன் தின்னுக்கிட்டிருந்தான். கண்ணுக்கு முன்னாடி இருந்தான். கண்ணுக்குத் தெரியாத தலையை எண்ணக்கூடாது.”

“ஏன்?”

“உசிரோட இருக்கிற தலையைத்தான் எண்ணணும்.”

சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தான் சொன்னது கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்போ உங்க மகன் இல்லைங்கறீங்களா அத்தை?”

“என் வாயில இருந்து அதைப் பிடுங்காதேடி!”

“இருக்கார்னா எண்ணணும். எண்ணலைன்னா இல்லைன்னு அர்த்தம். நடுவுல ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

அம்மா மரச்சிலுவையில் சாய்ந்தாள். காற்று அவள் முக்காட்டைக் கடல் பக்கம் இழுத்தது. “உன் மாமனாரை நான் எண்ணினேன்,” என்றாள். “மாவ்ரா அப்போ கைக்குழந்தை. இதே மாதிரி ஒண்ணு குறைஞ்சுது. அவருக்கும் வழுக்கைதான், இந்தக் குடும்பத்துக்கு அது ஒண்ணுதான் சொத்து. இக்னாத்னு நானே சொல்லி, இருக்கான்னு நானே சொல்லிக்கிட்டேன். விடியறதுக்குள்ள கொண்டல் வந்துச்சு. நல்ல கொண்டல், மத்தவங்க எல்லாம் என்னைக் கட்டிப் பிடிச்சாங்க. மறுநாள் அவரும் வந்தார். அதோ, அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம். படகு இல்லாம.”

எனக்கு அது தெரியாது. அப்பாவின் கல்லறை தெரியும். அவர் எப்படி அங்கே வந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

“செத்தவனை எண்ணிட்டா காத்து செத்தவனைத்தான் கொண்டாரும்,” என்றாள் அம்மா. “அதான் சொல்றேன். விட்டுடு.”

அண்ணி பானையை மணலில் இறக்கி வைத்தாள். அப்புறம் சண்டைக்குரல் இல்லாமல் பேசினாள்.

“அப்படியாவது வந்தாரே, அத்தை.”

“என்னடி சொல்றே?”

“நீங்க குளிப்பாட்டினீங்க. தலையைத் தொட்டீங்க. இந்தக் கரையில எத்தனை பேருக்கு அது கிடைச்சுது? அந்தக் கல்லறைத் தோட்டத்துல பாதிச் சிலுவைக்குக் கீழே வெறும் மண்ணுதான்.” அவள் தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். “அவர் உச்சந்தலையில ஒரு பள்ளம் இருக்கு. பாய்மரக் கட்டை விழுந்து ஆன பள்ளம். சனிக்கிழமை குளியலறையில நான் சோப்புப் போடறப்போ என் கை தானா அதுக்குள்ள போய் உக்காரும். பனி உருகறதுக்கு முன்னாடி போனவர். இத்தனை மாசமா ரொட்டி மாவு பிசையறப்போகூட என் கை அந்தப் பள்ளத்தைத் தேடுது. எப்படி வந்தாலும் வரட்டும். வந்தா போதும்.”

“எப்படி வந்தாலுமா?” அம்மா சிலுவையிலிருந்து விலகி வந்தாள். “நீ பொண்டாட்டி, நீ சொல்லலாம். நான் சொல்ல முடியுமா?”

“நீங்க சொல்ல வேண்டாம். மாவ்ரா சொல்லட்டும்.” அண்ணி நிமிர்ந்து நின்று கடலைப் பார்த்துப் பெயரைச் சொன்னாள். “லுக்யான்!”

நான் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவைக் கொன்றதுபோல. சொல்லாவிட்டால் அண்ணனைக் கொன்றதுபோல. கத்தி சிராயின்மேல் நின்றது. புறப்பட்ட நாள் ஞாபகம் வந்தது. அண்ணி பின்னிய கம்பளித் தொப்பியைப் பெஞ்சியிலேயே போட்டுவிட்டு அண்ணன் மற்றவர்களோடு படகு நிற்கிற மூர்மன் கரைக்குப் பனிமேல் நடந்துவிட்டான். அம்மா கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது. நான் தொப்பியோடு ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, “உச்சி பளபளன்னு இருக்கட்டும் மாவ்ரா. அப்பதான் கடவுளுக்கு மேலேயிருந்து என்னை அடையாளம் தெரியும்” என்றான்.

“லுக்யான்,” என்று அண்ணி மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கேள்வி மாதிரி.

காற்றுகாட்டி கிறீச்சிட்டது.

“மாவ்ரா, சொல்லேன்டி, உன் அண்ணன்தானே—”

“இருக்கான்.”

நான் சொல்லவில்லை. அம்மா சொன்னாள். கோபமாக, யாரோ அவளிடம் பொய் சொல்லிவிட்டதைப்போல. “இருக்கான்! வெட்டுடி, என்ன பாத்துக்கிட்டிருக்கே?”

வெட்டினேன். அந்த ஒரு வெட்டு மற்றதைவிட ஆழமாக இறங்கிவிட்டது.

சிராயை என்னிடமிருந்து அம்மாவே பிடுங்கிக்கொண்டாள். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இருபத்தேழு தலையும் எண்ணியாச்சு, கொண்டலே, கஞ்சி சூடா இருக்கு, வந்து குடி, அந்தக் கச்சானைப் போகச் சொல்லு என்று முணுமுணுத்து, சிராயைத் தலைக்கு மேலாக வீசினாள். எங்கே விழுந்தது என்று பார்க்கக்கூடாது என்பது வழக்கம். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, அவ்வளவு இருட்டு. அண்ணி மூன்று கரண்டி கஞ்சியைத் தண்ணீரில் ஊற்றினாள். மெல்லிய பனிக்கட்டிமேல் அது ஆவி விட்டது.

“வாங்க அத்தை, போகலாம்,” என்று அண்ணி அம்மாவின் தோளைத் தொட்டாள்.

அம்மா நகரவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே திரும்பினாள். தண்ணீர் காலணியை நனைக்கும்வரை இறங்கிப்போய், இரு கைகளையும் வாயருகே குவித்து, தெருவே திரும்பிப் பார்த்த அதே குரலில் கத்தினாள்:

“டேய் லுக்யான்! தலையில தொப்பி போட்டிருக்கியாடா?”