கொடைக்கானலில் பத்து நாள்

“லீவுக்குப் போன எடத்துல ஒரு ஆம்பளயும் பொம்பளயும் சும்மா ஃபிரெண்டாவே இருந்துட்டுத் திரும்பி வரக்கூடாதா, ஏஞ்சலு? மூணு நோட்டுலயும் கடைசில மோதிரம் மாட்டிவுட்டுக்கினு கீறியே!”

போன ஆடியில் பெஞ்சமின் இப்படிக் கேட்டதிலிருந்து ஏஞ்சலுக்கு நிலைகொள்ளவில்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். பெருநகர் என்ற கிராமத்தில் வீட்டோடு இருந்து ஜாக்கெட் தைக்கிறாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். அவள் கதை எழுதுவது உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். பெஞ்சமின் அடுத்த தெரு. கம்பெனி வேன் ஓட்டுகிறான். தன் தங்கை ஷாரோனின் ஜாக்கெட்டை அவன் கொண்டுவரும் மஞ்சள் பையின் அடியில் நோட்டு போகும், வரும். ஒரே ஜாக்கெட்டை நாலு தடவை பிரித்துத் தைத்தாகிவிட்டது. “எங்க ஷாரோனு மாசத்துக்கு ஒருவாட்டி குண்டாயி எளைக்கிறா,” என்பான் ஏஞ்சலின் அம்மா சிட்டம்மாளிடம், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவன் கேட்டதற்காகவே நான்காவது நோட்டு. கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொடைக்கானல் போன ஸ்ரீகாந்தும் சாந்தினியும் படகு விடுகிறார்கள், ஒரே சோளக்கதிரைப் பாதியாக உடைத்துத் தின்கிறார்கள். ஆனால் ஃபிரெண்ட்ஸ், அவ்வளவுதான். வாலாஜாபாத்தைத் தாண்டாத ஏஞ்சலுக்குக் கொடைக்கானல் என்பது கம்பெனி டூர் போய்வந்து அவன் சொன்னது. “துடுப்பு இல்ல லூசு, காலால மிதிக்கணும், சைக்கிள் மாரி.” அடித்துத் திருத்தினாள். இருவரும் சேர்ந்து மிதிக்கும் இடத்தை எழுதும்போது அவளுக்கே கால் வலித்தது.

வியாழக்கிழமை நோட்டு போயிற்று. வெள்ளிக்கிழமை மதியம் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது சுருக்கென்று நினைவு வந்தது. கடைசிப் பக்கம். பஸ் கிளம்புகிறது, ஜன்னலோரம் சாந்தினி, கீழே நின்று கையாட்டுவது ஸ்ரீகாந்த் என்றா எழுதினோம்? கை தன்பாட்டில் பெஞ்சமின் என்றல்லவா எழுதியது! ஊசி விரலில் ஏறியது. அதற்குப்பின் தெருவில் எந்த வண்டி போனாலும் எழுந்தாள், உட்கார்ந்தாள். இனி வரமாட்டான். வந்தாலும் பழையபடி லூசு என்று சொல்லமாட்டான். அப்புறம் அவள் எழுதுவதை யார் படிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தான். வாசலிலேயே நின்று பையை நீட்டினான். ஜாக்கெட்டை விலக்கி, பைக்குள்ளேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பெஞ்சமின் என்ற பெயர் அப்படியே இருந்தது. சாந்தினியை மட்டும் பென்சிலால் அடித்திருந்தான். மேலே வேறு பெயர் எழுதவில்லை. அவளே எழுதட்டும் என்று ஒரு சின்னக் கோடு போட்டு விட்டிருந்தான்.

நிமிர்ந்தாள். சரியாகவே இருந்த சட்டைக் காலரை அவன் சரிசெய்துகொண்டிருந்தான்.

“யாருடி வாசல்ல?” குரலுக்குப் பின்னாலேயே அம்மாவும் வந்துவிட்டாள். “இன்னாடி பேயடிச்ச மாரி நிக்கிற? பைக்குள்ள இன்னாத்தப் பாத்துக்கினு கீற?”

தெருவில் மற்ற ஆண்கள் எல்லோரும் ஏஞ்சலுக்கு அண்ணன்கள். அந்த ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிடலாம். இவனை மட்டும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ‘இந்தா’, ‘தோ பாரு’, இவ்வளவுதான் இத்தனை நாளும்.

“ஒண்ணுமில்லம்மா. பெஞ்சமின் அண்ணா... ஷாரோன் ஜாக்கெட்டு.”

“திரும்பியும் எளைச்சிட்டாளா அவ?” சிட்டம்மாள் சிரித்தாள்.

அவன் கை இன்னும் பையின் காதைப் பிடித்திருந்தது. விட்டான். தன் டூவீலரின் ஸ்டாண்டைத் தட்டி எடுத்தான். ஸ்டார்ட் பண்ணவில்லை. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான்.