விட்டாச்சு

சிவனாண்டிக்கு வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது. கொல்லத்தில் ஏறியதிலிருந்து ரயில் பலகையில் சாய இடமில்லாமல் வந்த வலி கொஞ்சம். மீதியெல்லாம் கொச்சித் துறைமுகத்தில் நாலு வருஷமாக பெட்ரோல் கப்பலின் ரப்பர்க் குழாயைச் சுமந்த வலி. சங்கரன்கோவிலில் இறங்கியவன் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல், தூறலில் நனைந்துகொண்டே சீனியம்மாள் வீட்டுக்கு நடந்தான். அவள் புருஷன் துரைப்பாண்டி அவனோடு வேலை பார்த்தவன். செத்து நாற்பது நாள் ஆகிறது. கம்பெனிக் காகிதத்தில் அவளிடம் கைநாட்டு வாங்கி வந்தால் உனக்கு வேலை நிரந்தரம் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார்.

சீனியம்மாள் ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நெசவுக்காரர் வீட்டுக் கூலி வேலை. எழுந்து பாயை விரித்தாள்.

“வாங்க அண்ணாச்சி. அவுக பொட்டியக் கொண்டாந்தியளா?”

“அது பொறவு வரும் தங்கச்சி. இது கம்பெனிக் கடுதாசி. வாசிக்கேன், கேளு.”

‘துரைப்பாண்டி என்பவர் யாருடைய உத்தரவுமின்றித் தாமாகவே குழாயின் மூட்டைக் கழற்றியதால்’ என்று தொடங்கியது அது. வாசித்து முடிக்கும்வரை அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. மைப்பெட்டியைத் திறந்து வைத்தான். அவள் மறுபேச்சில்லாமல் பெருவிரலை மையில் அழுத்தினாள். அண்ணாச்சி கொண்டுவந்த காகிதம். அது போதும் அவளுக்கு.

அந்நேரம் பக்கத்து வீட்டுத் தறிக்குழிக்குள்ளிருந்து வடிவாம்பாள் குரல் கொடுத்தாள். “ஏட்டி சீனி, மழ விட்டாச்சா?”

சீனியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். “விட்டாச்சுக்கா! நூலக் காயப்போடுங்க.”

துறைமுகத்தில் அன்றைக்கும் இதே சொல்தான்.

கப்பல் காலியானாலும் குழாய்க்குள் பெட்ரோல் நிற்கும். காற்றைத் திறந்துவிட்டு அதைக் கரைத் தொட்டிக்குத் தள்ள வேண்டும். தள்ளி முடித்து, காற்றையும் அடைத்து, குழாய் ஓய்ந்த பிறகுதான் மூட்டைக் கழற்றலாம். காற்றைத் திறந்து அடைக்கும் திருகில் நிற்பவன் வெள்ளைக் கொடி காட்டினால்தான் மூட்டில் நிற்பவன் ஸ்பானரைத் தொடலாம். திருகில் சிவனாண்டி, மூட்டில் துரைப்பாண்டி; இருவரும் கொடியைக் கையிலெடுத்ததே இல்லை. “ஏலே, ரெண்டு சங்கரன்கோயில்காரன் பேசிக்கிடுததுக்கு கொடி எதுக்குலே? நாம என்ன ஊமையா?” என்பான் துரைப்பாண்டி. மலையாளத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

அன்றைக்குக் கடல் இரைச்சல். சிவனாண்டி அப்போதுதான் காற்றைத் திறந்திருந்தான். “விட்டாச்சா?” என்று மூட்டருகிலிருந்து கேட்டான் துரைப்பாண்டி. காற்றைத் திறந்துவிட்டாயா என்று கேட்கிறான் என நினைத்து, “விட்டாச்சுலே!” என்று கத்தினான் இவன். காற்று நின்றாச்சா என்று கேட்டவனுக்கு அதுவே பதிலாகப் போயிற்று. மூணாவது போல்ட் தளர்ந்ததும் மூட்டு வெடித்துத் திறந்தது. பெட்ரோல் நெஞ்சில் அறைந்து, ஆளைக் கப்பலுக்கும் துறைமேடைக்கும் நடுவில் கடலுக்குள் தள்ளியது.

விசாரணையில் கொடி காட்டினாயா என்றுதான் கேட்டார்கள். இல்லை என்றான். அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

சீனியம்மாள் மை தோய்ந்த விரலோடு காகிதத்தின் மேல் குனிந்தவள், நிமிர்ந்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். உலையில உப்பு போட்டாச்சான்னு மூணு வாட்டி கேட்டுட்டுத்தான் சோத்துல கைய வைப்பாக. அப்படிப்பட்ட மனுசன் ஒரு வார்த்த கேக்காமயா கழட்டினாக?”

“கேட்டான் தங்கச்சி.”

வாய் தவறி வந்துவிட்டது. அவள் கண் அவன் முகத்தை விட்டு அகலவில்லை.

“யாருகிட்ட?”

தெருவில் யாரோ ஈர நூலை உதறினார்கள். இந்தக் காகிதம் இப்படியே போனால் துரைப்பாண்டி அவசரக்குடுக்கையாகவே செத்தவன் ஆவான். அவன் மகள் வளர்ந்தாலும் அதைத்தான் கேட்டு வளர்வாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும். இந்த வீட்டுப் பாயில் மறுபடி உட்காரவும் முடியாது.

அவள் அவசரப்படுத்தவில்லை. கறுத்த பெருவிரலைச் சேலையில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். விரல் ரேகைகளில் மை உலரத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அவன் தரவேண்டியது ஒரே பதில்: என்னிடம்தான் கேட்டான்.