சக்கரமேட்டு ராணி

குக் மான்சிக்குக்கு ஆமை என்றாலே ஆகாது. முப்பத்தோரு வருடம் சியோனான் நகரப் பேருந்து ஓட்டியவருக்கு, அவ்வளவு மெதுவாக நகரும் எதன் மீதும் பொறுமை கிடையாது. ஆனால் மகள் சேரோம் விட்டுப்போனது அந்த ஒரு ஆமைதான். பிப்ரவரியில், சோங்ஜு ஊரில், பனி உறைந்த சாலையில் லாரி மோதி அவள் போய்விட்டாள். அவளுடைய வாடகை அறையைக் காலி செய்தபோது கண்ணாடித் தொட்டியோடு ஆமையையும் தூக்கிக்கொண்டு வந்தார். மே மாதம் பிறந்தும் அது சரியாகத் தின்னவில்லை. இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று மனிதர் அரண்டுபோயிருந்தார்.

அப்பாவும் மகளும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரசுத் தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிட்டு, நாய்களுக்கு முடிவெட்டும் கடையில் சேரப்போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, "இனிமே என் கண்ணுல படாதே" என்று கத்தினார். அவளும் படவில்லை. கடைசிவரை தன்னை வெறுத்துக்கொண்டேதான் இருந்தாளா? அது ஒன்று தெரிந்தால் போதும் அவருக்கு. யாரைப் போய்க் கேட்பது?

பணிமனை ஓய்வறையில் ஒருநாள் மதியம், இன்னொரு தடத்தில் வண்டி ஓட்டும் ஓக்ஜு, அவர் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கினாள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும்.

"ஆமை ஆமைன்னு என் உயிர வாங்காதீங்கண்ணே. எனக்கு என்ன தெரியும்? ஆமை வளக்கிறவங்களுக்குன்னே இணையத்துல ஒரு மன்றம் இருக்கு. அங்க கேளுங்க. மொதல்ல பேரு வைக்கணும்."

"அதான் மான்சிக்குன்னு இருக்கே."

"சொந்தப் பேர எவன் போடுவான்? புனைபேரு வைக்கணும். அதுவும் வேற யாரும் வைக்காததா இருக்கணும்."

ஆமையப்பா என்று அடித்தாள். 'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மெதுவண்டி, பச்சை ஓடு, கடைசி நிறுத்தம் என்று அவரும் சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு எழுத்து.

"அங்க இருக்கிற அத்தன பேருக்கும் உங்க மூளதான் போல. உலகத்துல ஒருத்தருக்கும் தோணாத பேரா ஒண்ணு சொல்லுங்க."

அப்படி ஒரு பேர் அவரிடம் இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் சேரோம் அவருடனேயே வண்டியில் சுற்றுவாள். முன்சக்கரத்துக்கு மேல் மேடாக இருக்குமே ஓர் இருக்கை, அதில்தான் உட்காருவாள். வேறெங்கும் உட்காரமாட்டாள். ஊரையே ஆள்பவள் மாதிரி கால் ஆட்டிக்கொண்டு வருவாள். அவர் வைத்த பேர் அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. செல்போனை வாங்கி, ஒற்றை விரலால் அவரே அடித்தார்: சக்கரமேட்டு ராணி.

'ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.'

"அடப்பாவி! இதையுமா எவனோ வச்சிருக்கான்?"

"எவனோ இல்ல" என்றார் மான்சிக். "அது என் மக."

 ஓக்ஜு தின்றுகொண்டிருந்த கிம்பாப் சோற்றுருளைப் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவைத்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மகள் அந்தச் செல்போனுக்குள் எங்கேயோ உயிரோடு இருப்பதாகவே அவருடைய பைத்தியக்கார மனம் நம்பியது. எந்தப் பேராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தன் வண்டி எண்ணையே வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே போனால் மட்டும் போதுமா? புதியவர்கள் அறிமுகம் எழுதி, பத்துப் பின்னூட்டமும் போட்டால்தான் பழைய பதிவுகளைப் படிக்க விடுவார்களாம். மகள் எழுதியது ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. அப்பாவோ ஊர்பேர் தெரியாத ஆமைகளுக்கெல்லாம் 'அழகு', 'நல்ல ஓடு', 'நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்' என்று எழுதிக்கொண்டிருந்தார். கடைசியாகச் சொன்னதை மட்டும் இரண்டு முறை அழித்து எழுதினார். மறுநாள் மதியம் அனுமதி வந்தது.

ராணியின் பதிவுகள் முப்பத்தொன்று. ஆமைக்கான பதில் முதல் பதிவிலேயே இருந்தது: இளம் பூசணியைத் தீக்குச்சி மாதிரி நறுக்கிப் போட்டால்தான் தின்னும். போன நவம்பரில் யாரோ, இது என்ன பேரு ராணி என்று கேட்டிருந்தார்கள். அவள் எழுதியிருந்தாள்:

"எங்கப்பா பஸ் ஓட்டுறவரு. அவரு வச்ச பேரு. இப்ப எங்களுக்குள்ள பேச்சு இல்ல. போன வாரம் லீவு போட்டுட்டு ஊருக்குப் போனேன். அவரு வண்டி வர்ற நேரம் பாத்து சந்தை நிறுத்தத்துல நின்னேன். வண்டி வந்துச்சு, கதவு திறந்துச்சு. கண்ணுல படாதேன்னு சொன்ன மனுஷனாச்சே. தொப்பிய இறக்கி விட்டுக்கிட்டு செல்லையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். கொஞ்ச நேரம் திறந்தே வச்சிருந்தாரு. அப்புறம் போயிட்டாரு. என் சீட்டு காலியாத்தான் இருந்துச்சு."

கீழே ஒருவர், "அடி லூசு, ஏறித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று கேட்டிருந்தார்.

"பனி உருகட்டும். ஆமையையும் தூக்கிக்கிட்டு ஏறிடுவேன். அப்ப இறக்கியா விட்டுடுவாரு?"

வெறுக்கவில்லை. கேட்க நினைத்த பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் தாங்க முடியவில்லை. நவம்பர், சந்தை நிறுத்தம், தொப்பி போட்ட ஒரு பெண். மான்சிக் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பெற்ற பிள்ளை மூன்று அடி தூரத்தில் நின்றிருக்கிறாள். யாரோ செல்போன் பைத்தியம் என்று நினைத்துக் கதவை மூடியிருப்பார்.

அதற்கடுத்த நடையில், சந்தை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். ஒருவரும் நிற்கவில்லை. கதவை மூடவும் இல்லை.

"டிரைவரே, யாரும் ஏறலியே? கிளப்புங்க" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"கொஞ்சம் பொறுங்க. என் மக வரணும்."

அந்த ஆள் எட்டிப் பார்த்தார். வெறும் நிறுத்தம். எதிரே சிக்னல் பச்சையாகிச் சிவந்தது, மறுபடியும் பச்சையானது. சக்கரமேட்டு இருக்கை காலியாகவே இருந்தது. பிறகு அவரே கதவை மூடினார்.