பூச்சி அரித்த இலை

கம்பளம் நெய்யச் சொன்ன ஹாஜி மொர்த்தெசா, ஜலீல் வரைந்த மாதிரிப் படத்தை விரித்த வேகத்திலேயே சுருட்டிவிட்டார்.

"ரோஜா, புல்புல், மறுபடியும் ரோஜா. இதே மாதிரி என் வீட்டுல ஏற்கெனவே மிதிபட்டுக் கிடக்கு ஜலீல். எவனும் பாக்காத தோட்டமா ஒண்ணு கொண்டா."

இது இரண்டாவது தடவை. காஷான் நகரத்தில் ஜலீல் வரைந்ததை வேண்டாமென்று சொன்னவர் ஹாஜிக்கு முன்னால் ஒருவருமில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

தங்கை ஷம்சி எதிரில்தான் உட்கார்ந்து தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டம் போட்ட தாளில் அண்ணன் கோடு இழுப்பான்; எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று இவள் நிரப்புவாள். அதைப் பார்த்துப் பெண்கள் தறியில் முடிச்சுப் போடுவார்கள். மேல் விளிம்பில் கடைசியாக நெய்கிற பெயர்க் கட்டத்தில் 'ஜலீல்' என்று மட்டும் விழும். நாற்பதைத் தாண்டியும் அவள் பெயர் ஒரு கம்பளத்திலும் ஏறவில்லை. அது அவளுக்கு வலித்தது. வாயைத் திறந்து கேட்டதுமில்லை.

மறுநாள் குழம்புக்குப் புளிப்பான பெஹ் பழம் பறிக்க வீட்டுத் தோட்டத்துக்குப் போனாள். இலையுதிர் காலத்தின் மெஹர் மாதம் அப்போதுதான் பிறந்திருந்தது. வெயிலில் சூடு குறைந்து, வாய்க்கால் தண்ணீர் கையைச் சில்லென்று பிடித்தது. மஞ்சள் பழத்தை எட்டிப் பிடித்தபோது பழுத்த இலை ஒன்று கண்ணுக்கு நேரே வந்து நின்றது. நடுவில் பூச்சி அரித்த ஓட்டை. அந்த ஓட்டை வழியே, பின்னால் வெடித்துத் தொங்கிய மாதுளையின் சிவப்பு தெரிந்தது.

கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

வசந்தத்தில் எல்லா ரோஜாவும் ஒரே அச்சில் சிரிக்கும். இப்போது பார்த்தால் ஓர் இலைகூட இன்னொன்றைப் போலப் பழுக்கவில்லை. ஒன்று ஓரத்தில் சிவந்திருந்தது, ஒன்று நரம்பை மட்டும் பச்சையாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. இத்தனை வருஷம் இதே மரத்தடியில் பாத்திரம் கழுவியிருக்கிறோமே, கண்ணை எங்கே அடகு வைத்திருந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை; தாளை எடுத்து அந்தத் தோட்டத்தை வரைந்தாள்.

படத்தைப் பார்த்த ஜலீல் தலையில் கை வைத்தான்.

"எதுக்குடி மத்த முக்கால்வாசியையும் வரைஞ்சிருக்கே? கால் பங்கு வரைஞ்சா நெய்யுறவங்க திருப்பித் திருப்பிப் போட்டுக்க மாட்டாங்களா?"

"திருப்பிப் போட முடியாதுண்ணே. எந்த இலையும் எதுக்கும் ஜோடி இல்ல."

"சரி, இந்த ஓட்டை?"

"பூச்சி அரிச்சது."

"அடிப்பாவி! அந்துப்பூச்சிக்குப் பயந்து வருஷம் பூரா கம்பளத்தைத் தட்டி வெயில்ல போடறோம். நீ ஓட்டையை நெய்யச் சொல்றியா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்ட மாதிரி!"

"உன் ரோஜாவைத்தான் ரெண்டு தடவை திருப்பிட்டாரே."

அந்த அடி சரியாக விழுந்தது. படத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு அவன் சொன்னான்: "சரி, நெய்வோம். ஹாஜி எடுத்துக்கிட்டா உன் பேரு. வேணாம்னுட்டா, செத்தாலும் நீ பென்சிலைத் தொடக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

அடுத்த மெஹர் மாதமும் வந்தது. தறியில் மேல் விளிம்பில் கொஞ்சம்தான் பாக்கி. ஹாஜி வந்தார். கம்பளத்தின் எதிரே நின்று இலை இலையாகப் பார்த்தார். திடீரென்று குனிந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஜலீல்! என்னய்யா இது? தறியிலயே அந்து புகுந்துடுச்சே!"

ஓட்டைக்குள் விட ஆள்காட்டி விரலை நீட்டினார். விரல் உள்ளே போகவில்லை. கெட்டியான கம்பளியில் முட்டி நின்றது. மறுபடி குத்திப் பார்த்தார். பக்கத்து இலையிலும் குத்திப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கம்பளம் பாத்தே தலை நரைச்சவன் நான், என்னையே ஏமாத்திடுச்சேப்பா! உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும் ஜலீல்."

ஜலீல் தொண்டையைக் கனைத்தான். அவன் தலையாட்டிவிட்டால் தீர்ந்தது, இன்னொரு கம்பளமும் அவனுடையது. ஷம்சியால் பொறுக்க முடியவில்லை.

"அது என் கை, ஹாஜி!" என்றாள். குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "தோட்டம் எங்களது, கண்ணு என்னுது, கையும் என்னுது."

நெய்கிற பெண்களின் விரல்கள் நின்றன. ஹாஜி அண்ணனைப் பார்த்தார்.

"அவசரக்குடுக்கை!" என்று ஜலீல் சிரித்தான். "தொண்டையைச் செருமுறதுக்குள்ள குதிச்சுட்டா. பத்தூல், அந்த நூலை விலக்கிக் காட்டு."

தலைமை நெசவுக்காரி பத்தூல், மேலே தொங்கிய நூல் உருண்டைகளை ஒதுக்கினாள். பின்னால் பெயர்க் கட்டம் ஏற்கெனவே நெய்து முடிந்திருந்தது. மாதுளைச் சிவப்பில் 'ஷம்சி'.

"நேத்தே நெய்யச் சொல்லிட்டாரு" என்றாள் பத்தூல்.

"ஹாஜி வேணாம்னிருந்தா?" என்றாள் ஷம்சி.

"வேணாம்னா நம்ம வீட்டுல விரிச்சு, வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் என் தங்கச்சி வரைஞ்சதுன்னு சொல்லியிருப்பேன். தாள்ல பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டி. ஒத்துக்கத்தான் ஒரு வருஷம் ஆச்சு."

ஷம்சி முக்காலியில் ஏறி, ஹாஜி நீட்டிய மாதிரியே விரலை நீட்டி, தன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது.